மாற்றிவிட்டேன் என்று சொல்வதற்கு முன்

இது சற்று நீண்ட பதிவு. கணினியைக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்களும் அவர்களுடைய நெறியாளர்களும் பொறுமையாகப் படிக்குமாறு வேண்டுகிறேன். நான் செய்த ஒரு பிழையை முன்வைத்தே இதை எழுதுகிறேன். முதலில் அதைக் கணினியின் பிழை என்று நினைத்தேன். பிறகு என் பிழை என்று நினைத்தேன். இப்போது, நம் ஆய்வுக் கல்வியில் உள்ள ஓர் இடைவெளியும் அதில் பங்கு கொண்டது என்று நினைக்கிறேன்.

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டையில் இருந்துகொண்டு, சுரங்கக் குடும்பங்களின் பேச்சுத் தமிழை ஆய்வு செய்து வருகிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்து, மூன்று நான்கு தலைமுறைகளாக லைன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் அதன்பின் பல வழிகளில் பிரிந்தன. பலர் இன்றும் அதே வீடுகளில் இருந்துகொண்டு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். சிலர் சுற்றியுள்ள சிற்றூர்களில் குடியேறிவிட்டார்கள். கன்னடமும் தெலுங்கும் சூழ்ந்த இந்த நிலத்தில் அவர்களுடைய தமிழ் எவ்வாறு மாறியிருக்கிறது என்பதே என் கேள்வி. அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்கிறேன், பேச்சை எழுத்தாக்குகிறேன், பிறகு ஒரு பைத்தான் நிரல் அந்த எழுத்துகளைப் படித்துச் சொற்களை வகைப்படுத்தி அட்டவணையாக்குகிறது.

பதிவு செய்தவர்களுள் ஒரு மூதாட்டி இருந்தார். பேசி முடித்த சில நாள்களில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கண்ணு, அன்னிக்கு என்னமோ பேச்சு வாக்குல எம் மருமவனப் பத்தியெல்லாம் சொல்லிட்டேன். அது வேணாம். என் பேச்சை மொத்தமா எடுத்துடு" என்றார். "எடுத்துடறேன் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வு அறத்தின்படி அது அவருடைய உரிமை. யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று, பதிவுக்கு முன் நானே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

அன்றிரவே வேலையில் இறங்கினேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி, விலகியவர்களின் கோப்புகளை நீக்கி, ஒரு புதிய கோப்புறையை உருவாக்கினேன். என் நிரல் தரவு இருக்கும் இடத்தை ஒரு சூழல் மாறியிலிருந்து படித்துக்கொள்ளும். விண்டோஸ் அமைப்புகளுக்குள் சென்று அந்த மாறியின் மதிப்பைப் புதிய கோப்புறைக்கு மாற்றினேன். தொடக்கப் பட்டியிலிருந்து ஒரு புதிய கட்டளைச் சாளரத்தைத் திறந்து மதிப்பைக் கேட்டேன். புதிய இடத்தைக் காட்டியது. ஜூபிட்டர் நோட்புக்கின் கர்னலையும் மறுதொடக்கம் செய்தேன். நிரலை ஓட்டினேன், எண்கள் மாறி வந்தன. மனநிறைவோடு உறங்கப் போனேன்.

மூன்று வாரங்கள் கழித்து, நீண்ட மின்வெட்டு ஒன்றில் மடிக்கணினியின் மின்கலம் முற்றிலும் தீர்ந்து அணைந்துபோனது. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகத் திறந்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதே நிரலை ஓட்டினேன். எண்கள் வேறாக வந்தன. மூன்று வாரமாக நான் எழுதிய அத்தியாயத்தின் ஒவ்வோர் அட்டவணையும் பழைய கோப்புறையிலிருந்து வந்தது என்று புரிய அரைநாள் ஆயிற்று. நீக்கிவிட்டேன் என்று நான் வாக்களித்த அந்த மூதாட்டியின் சொற்கள் என் அட்டவணைகளில் எண்ணப்பட்டிருந்தன. அதைவிடக் கொடுமை, எடுத்துக்காட்டுத் தொடர்களுள் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. அந்த அத்தியாயத்தின் வரைவு அதற்குள் நெறியாளரின் மேசைக்குப் போயிருந்தது.

எண்கள் ஏன் மாறின, அப்போதே ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். அதே இரவில் சொற்களைப் பிரிக்கும் விதி ஒன்றையும் திருத்தியிருந்தேன். எண்களை மாற்றியது அந்தத் திருத்தம். புதிய தரவினால் மாறியதாக நான் எடுத்துக்கொண்டேன். பழைய கோப்புறையை உடனே அழித்திருந்தால் நிரல் பிழை காட்டி நின்றிருக்கும். 'ஒரு வாரம் இருக்கட்டும்' என்று தள்ளிப்போட்டதும் என் குற்றமே.

இனி, நடந்தது என்ன என்பதற்கு வருகிறேன்.

சூழல் மாறி என்பது கணினி முழுமைக்கும் பொதுவான கரும்பலகை அன்று. நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்: பலகையில் ஒரு பெயருக்கு எதிரே ஒரு மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது, எல்லா நிரல்களும் தலையை நிமிர்த்தி அதைப் படிக்கின்றன, நாம் அழித்து எழுதினால் எல்லோரும் புதியதைப் படிப்பார்கள் என்று. உண்மை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறையிடமும் அதற்கே உரிய ஒரு பட்டியல் இருக்கிறது. அது பிறக்கும்போது, அதைப் பிறப்பித்த செயல்முறை தன் பட்டியலின் படியொன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. அதன்பின் இரண்டுக்கும் தொடர்பில்லை. பெற்ற செயல்முறை தன் பட்டியலை மாற்றினாலும் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை மாற்றினாலும் பெற்றதைப் பாதிக்காது. 1979இல் வெளிவந்த யூனிக்சின் ஏழாம் பதிப்பில் இந்த ஏற்பாடு அறிமுகமானது. இன்றைய லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் அடிப்படை இதுவே.

விண்டோஸ் அமைப்புகளில் நாம் ஒரு மாறியைத் திருத்தும்போது அது பதிவேடு எனப்படும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படுகிறது. கூடவே, அமைப்பு மாறிவிட்டது என்று திறந்திருக்கும் சாளரங்களுக்கு ஓர் அறிவிப்பும் போகிறது. மேசைத்திரையையும் தொடக்கப் பட்டியையும் நடத்தும் எக்ஸ்புளோரர் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்கிறது. மற்ற நிரல்களில் பெரும்பாலானவை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே தொடக்கப் பட்டியிலிருந்து நான் திறந்த புதிய கட்டளைச் சாளரம் புதிய மதிப்பைக் காட்டியதில் வியப்பில்லை. ஆனால் என் நோட்புக்கின் சர்வர் பல நாள்களுக்கு முன்பே பிறந்தது. அதன் கையில் இருந்தது பழைய பட்டியல். நான் மறுதொடக்கம் செய்த கர்னலைப் பிறப்பிப்பது அந்தச் சர்வர்தான். எத்தனை முறை புதிதாகப் பிறந்தாலும் கர்னலுக்குக் கிடைப்பது பழைய பட்டியலின் படியே. மடிக்கணினியை நான் ஒருநாளும் அணைப்பதில்லை. மூடி வைப்பேன், திறப்பேன். உறக்கத்திலிருந்து எழும் சர்வர் புதிதாகப் பிறந்ததன்று.

இதில் நான் சோதிக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. சோதித்தேன்; தவறான இடத்தில் சோதித்தேன். புதிதாகத் திறந்த ஒரு சாளரத்தைக் கேட்டு, அது சொன்ன விடையை வேறொரு செயல்முறையின் விடையாக ஏற்றுக்கொண்டேன். நோட்புக்குக்குள்ளேயே ஒரே வரியில் அந்த மாறியை அச்சிட்டுப் பார்த்திருந்தால் அன்றிரவே உண்மை தெரிந்திருக்கும்.

இத்தகைய சிக்கல் வந்தால் எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதை இப்போது இவ்வாறு வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, ஐயத்துக்குரிய செயல்முறையையே கேட்க வேண்டும். வேறெந்தச் சாளரத்தின் சாட்சியும் செல்லாது.

இரண்டாவது, அதைப் பிறப்பித்தது எது, அது எப்போது பிறந்தது என்று மேல்நோக்கிப் போகவேண்டும். நிரல் எழுதும் தொகுப்பிக்குள் இருக்கும் முனையத்தை மூடித் திறப்பதால் பெரும்பாலும் பயனில்லை; தொகுப்பியையே முழுமையாக மூடித் திறக்கவேண்டும். மாற்றத்துக்குப் பின் பிறந்த ஒரு மூதாதையை எட்டும்வரை மேலே ஏறவேண்டும். வெளியேறி மீண்டும் உள்நுழைவதும், கணினியை மறுதொடக்கம் செய்வதும் இந்த ஏற்றத்தின் கடைசிப் படிகள்.

மூன்றாவது, மாற்றத்தை எங்கே எழுதினோம் என்று பார்க்கவேண்டும். விண்டோசில் 'செட்' என்னும் கட்டளை அந்தச் சாளரத்துக்கு மட்டுமே உரியது; அது மூடப்பட்டால் மறைந்துவிடும். 'செட்எக்ஸ்' நிலையாக எழுதும். ஆனால் அதை இட்ட சாளரத்திலேயே அது தெரியாது. 1024 எழுத்துகளுக்கு மேற்பட்ட மதிப்பை அது வெட்டிவிடும் என்பதால் நீண்ட 'பாத்' மாறியை அதைக் கொண்டு திருத்துவது ஆபத்தானது. லினக்சில் 'எக்ஸ்போர்ட்' இல்லாமல் வைத்த மாறி பிள்ளைச் செயல்முறைகளுக்குப் போகாது. ஒரு சிறுநிரலுக்குள் மாறியை வைத்து, அந்தச் சிறுநிரலை இயக்கினால் அது முடியும்போது மாறியும் அதனோடு முடிந்துவிடும். அதனால்தான் 'சோர்ஸ்' கட்டளையால் அதை நம் ஷெல்லுக்குள்ளேயே படிக்கச் செய்கிறோம். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக் கணினிகளில் புதிய பயனர்களுக்கு இயல்பான ஷெல் இசட்-ஷெல். பழைய நூல்களைப் பார்த்து பேஷுக்குரிய கோப்பில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நிகழாது. 'சூடோ' கொடுத்து இயக்கும் கட்டளைக்கும், 'கிரான்' குறித்த நேரத்தில் இயக்கும் பணிக்கும் நம் முனையத்தின் சூழல் அப்படியே கிடைப்பதில்லை.

நான்காவது, வேறேதேனும் அதை மறைக்கிறதா என்று பார்க்கவேண்டும். விண்டோசில் பயனர் மாறியும் முழு அமைப்பின் மாறியும் ஒரே பெயரில் இருந்தால் பயனருடையதே நிற்கும். ஆனால் 'பாத்' விதிவிலக்கு: இரண்டும் இணைக்கப்படும், அமைப்பினுடையது முன்னால் வரும். அதனால்தான் புதிய பைத்தானைப் பயனர் பாதையில் சேர்த்த பிறகும் பழைய பைத்தான் வந்து நிற்கிறது. லினக்சில் பேஷ் ஷெல் ஒரு கட்டளையை ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். 'ஹேஷ் ஆர்' கொடுத்து அதை மறக்கச் செய்யவேண்டியிருக்கலாம்.

ஐந்தாவது, எழுத்துப் பிழை. லினக்சில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் சமக்குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் அந்த இடைவெளியும் மாறியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

"இதெல்லாம் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்துவிடும்" என்று சொல்லும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அணைத்துப் போடுவார். கட்டளை கிடைக்கவில்லை என்று கணினி அலறினால் யாரும் கவனிப்பார்கள். என் நிரல் அலறவில்லை. பழைய தரவை ஒழுங்காகப் படித்து ஒழுங்காக அட்டவணை தந்தது. காரணம் அறியாமல் பரிகாரம் மட்டும் கற்றவனுக்கு இந்த அமைதியான பிழையைச் சந்தேகிக்கத் தெரியாது.

"சூழல் மாறியே வேண்டாம், கோப்புறையின் இடத்தை நிரலிலேயே எழுதிவிடலாமே" என்பது இன்னொரு மறுப்பு. அப்படி எழுதிய நிரல் என் கணினியில் மட்டுமே ஓடும்; நெறியாளரோ வேறொரு மாணவரோ சரிபார்க்க முடியாது. தனி அமைப்புக் கோப்பில் எழுதலாம். அது நல்ல வழி. ஆனால் பெரும்பாலான நிரல்கள் அந்தக் கோப்பையும் தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கின்றன. எழுதிய இடம் வேறு, படித்துக்கொண்ட கணம் வேறு என்னும் உண்மை அங்கும் நம்மை விடாது.

இந்த ஏற்பாட்டைக் குறை என்றும் நான் சொல்லமாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கின் காலடியில் நிலம் நகரக் கூடாது. பாதி தரவு ஓரிடத்திலிருந்தும் பாதி வேறோரிடத்திலிருந்தும் வந்தால் அது பெருங்கேடு. பிறக்கும்போது பெற்ற சூழல் இறுதிவரை மாறாதிருப்பது ஒரு காப்பு. அந்தக் காப்புக்கு நாம் தரவேண்டிய விலை, அந்தச் சூழல் என்னவாக இருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது. அந்த விலையைத்தான் நான் தரவில்லை.

என் ஊரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஐதர் அலி பிறந்த ஊர் என்றே பூதிகோட்டையைப் பலரும் அறிவார்கள். ஊடகம் பயில்வோர் இன்னொன்றையும் அறிவார்கள். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் ஒரு சிற்றூர் மக்கள் தாமே வானொலி நடத்த உரிமம் கேட்டால் கிடைக்காத நிலை தொடர்ந்தது. அந்நாளில்தான் மைராடா, வாய்சஸ் என்னும் தொண்டு நிறுவனங்களும் யுனெஸ்கோவும் துணைநிற்க, இங்கே 'நம்ம த்வனி' தொடங்கியது. சுயஉதவிக் குழுப் பெண்களும் இளைஞர்களும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். வான்வழி அனுப்ப இயலாததால், தொலைக்காட்சிக் கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வாயில் திறந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் உரிமம் தரும் கொள்கை 2006 நவம்பரில்தான் வந்தது. தில்லியில் மதிப்பு மாறிப் பதினோர் ஆண்டுகள், இங்கே பழைய சூழலே ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் மாறிவிட்டதா என்று தில்லியைக் கேட்டால் ஆம் என்றே விடை வந்திருக்கும். பூதிகோட்டையைக் கேட்டவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது.

ஆய்வு அறத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒப்புதல் படிவத்தில் விலகும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அறக்குழு அதைப் பார்த்துக் கையொப்பமிடுகிறது. அந்த உரிமை நிரலுக்குள் நடைமுறைக்கு வந்ததா என்று கேட்பவர் எவருமில்லை. கேட்கும் வழியையும் நாம் கற்றுத்தருவதில்லை. முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் இருக்கிறது. மேற்கோள் காட்டும் முறைக்கு அதில் பல வகுப்புகள். கணிப்பு நிகழ்ந்த சூழலைப் பதிவு செய்யும் முறைக்கு, நான் பயின்ற வகுப்பில், ஒரு மணி நேரம்கூட இல்லை. மொழியியலும் வரலாறும் சமூகவியலும் பயில்வோர் இன்று நிரல் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இது கணினித் துறையின் பாடம் அன்று. சான்றை நம்புவதற்கான அடிப்படை.

நான் இப்போது கடைப்பிடிப்பவை மூன்று. ஒன்று, என் நிரல் தொடங்கியதும் தான் உண்மையில் கண்ட மதிப்பையும், அங்கே படித்த கோப்புகளின் எண்ணிக்கையையும், நாளையும், பயன்படுத்திய பதிப்பையும் விடைக் கோப்பின் தலையிலேயே எழுதுகிறது. இரண்டு, மாறி இல்லையென்றால் நிரல் ஓர் இயல்பான இடத்தைத் தானாக ஊகித்துக்கொள்வதில்லை, நின்றுவிடுகிறது. மூன்று, விலகியவர்களின் குறியெண் பட்டியல் ஒன்று நிரலோடு இருக்கிறது. அவற்றுள் ஒன்று தரவில் தென்பட்டாலும் அட்டவணை வெளிவராது. நான் எழுதிய அமைப்பை நம்புவதை விட்டு, அமைப்பின் விளைவைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லாமாகச் சேர்ந்து இருபது வரிகளுக்குள் அடங்கும்.

நெறியாளரிடம் வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஆய்வேட்டின் நெறிமுறை இயலில் இதையும் எழுது" என்றார். எழுதுவேன். மூதாட்டியிடமும் போய்ச் சொன்னேன். சர்வரையும் கர்னலையும் அவருக்கு விளக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொன்னது பொய்யாகிவிட்டது, இப்போதுதான் உண்மையில் எடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "இப்ப போயிடுச்சா?" என்று கேட்டார். "போயிடுச்சு ஆயா, பாத்துட்டேன்" என்றேன்.

பார்த்துவிட்டேன் என்ற அந்தச் சொல்லை முதல்முறை என்னால் சொல்ல முடிந்திருக்காது. நண்பர்களே, உங்கள் ஆய்விலும் ஓரிடத்தில் மாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். இன்று அந்தச் செயல்முறையிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நெறியாளர்களாக இருப்பவர்கள், மாணவர் அட்டவணையோடு வரும்போது, எண்களைப் பார்ப்பதற்கு முன் அவை எந்தச் சூழலில் பிறந்தன என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வழக்கமானால் அதற்கான விடையை எழுதிவைப்பதும் வழக்கமாகிவிடும்.